காற்று மாறும் பருவத்தில்

தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். நம் கிழக்குக் கடற்கரையில் வாழ்வோருக்கு அது மழைக்காலம் மட்டுமன்று; காற்றுத் திசை மாறும் காலமுமாகும். நீராவிக் கப்பல் தோன்றுமுன் கடல் வாணிகம் முழுவதும் இந்த மாற்றத்தை நம்பியே நடந்தது. ஒரு காற்றில் வந்த மரக்கலம் மறு காற்று எழும்வரை கரையில் காத்திருக்க வேண்டும். அவ்வாறு காத்திருந்த அரபு வணிகர் இம்மண்ணில் மணம் புரிந்தனர், குடும்பம் கண்டனர். கணவன் கடலில், மனைவி கரையில் என்று அமைந்த வாழ்வில் வீடு பெண்ணுடையதாக இருந்ததில் வியப்பில்லை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பெண்ணுக்கு வீடு கொடுப்பதும், மணமகன் அவ்வீட்டிற்குச் சென்று வாழ்வதும் இன்றும் காணக்கூடிய வழக்கம்.

சென்ற ஐப்பசியில் நானும் என் துணைவியாரும் நாகூரிலிருந்து காயல்பட்டினம் வரை காரில் சென்றுவந்தோம். நாகூர் என் ஊர். காயல் அவருடைய ஊர். அங்கே அவருடைய பெரியம்மாவின் வீடு கைமாற இருந்தது. வீட்டை ஒழித்துக் கொடுக்க உதவ வேண்டும் என்று அப்பெரியம்மாவின் மகளார் அழைத்திருந்தார். ரயிலில் போகலாம் என்றேன். "இத்தனை காலமாக இரவில் ஏறி விடியலில் இறங்கிவிட்டோம். நடுவில் உள்ள கரையை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டாமா?" என்று துணைவியார் கேட்டார். ஆகவே கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக, மூன்று நாட்களில் செல்வதென்று முடிவாயிற்று.

சுப்ஹு தொழுகைக்குப் பின் புறப்பட்டோம். ஷாஹுல் ஹமீது நாயகம் அவர்களின் தர்காவில் ஐந்து மனாராக்கள் நிற்கின்றன. அவற்றுள் உயரமான 131 அடி மனாராவைக் கட்டித் தந்தவர் தஞ்சையை 1739 முதல் 1763 வரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிங். நம் மூதாதையர் பிற சமயத்தாரோடு எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கு அதைவிட உயரமான சான்று வேண்டுவதில்லை. வேதாரண்யத்தின் உப்பளங்களையும் முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடுகளையும் கடந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அதிராம்பட்டினத்தில் லுஹர் தொழுதோம். தொண்டியை அடையும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் கண்ட ஊர்களுள் பெரியபட்டினம் என்னை வெகுவாக நிறுத்தி வைத்தது. இப்னு பதூதா தம் பயண நூலில் பத்தன் என்றொரு துறைமுகத்தை வருணிக்கிறார். வலிய மரங்களின்மேல் எழுப்பிய மண்டபத்தையும், கல்லால் ஆன பள்ளிவாசலையும் அங்கே கண்டதாகக் கூறுகிறார். அந்தப் பத்தன் இந்தப் பெரியபட்டினமே என ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். சீனப் பீங்கான் ஓடுகள் இம்மண்ணில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. இன்று அங்கே நிற்பவை தென்னைகள். அவற்றிற்கு அப்பால் அமைதியான கடல்.

கீழக்கரையில் பழைய ஜும்ஆப் பள்ளியின் கல் தூண்களைக் கண்டோம். அரபு நாட்டு மார்க்கம் தமிழ்நாட்டுச் சிற்பியின் உளியில் எவ்வளவு இயல்பாக இசைந்திருக்கிறது! வள்ளல் சீதக்காதி அவர்களும், மேதை ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களும் துயிலும் ஊர் அது. 5027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணத்தை உமறுப் புலவர் பாடத் தொடங்கியது வள்ளலின் ஆதரவில். அவர் மறைந்தபின் ஆதரித்து நின்றவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். ஒரு துறைமுகத்தின் செல்வம் ஓய்ந்த இடத்தில் மற்றொரு துறைமுகத்தின் செல்வம் கைகொடுத்திருக்கிறது. அரபுத் தமிழில் நூல்கள் பல தந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் வாழ்ந்ததும் இவ்வூரிலேதான்.

மூன்றாம் நாள் தூத்துக்குடியைக் கடந்து பழையகாயலுக்கு வந்தோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயல் இதுவே என்பர். ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் இங்கே நங்கூரமிட்டன. ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் இந்நாட்டுக் கரைக்கு வந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். அக்குதிரைகளின் குளம்படி எங்கே? தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் முதலில் கொற்கை தூர்ந்தது. பின்னர் இக்காயலும் தூர்ந்தது. கடல் சில கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. ஆற்றைக் கடிந்துகொள்ள முடியுமா?

மாலையில் காயல்பட்டினம் சேர்ந்தோம். பெண்கள் மட்டும் நடமாடும் முடுக்குச் சந்தின் வழியாகத் துணைவியார் உள்ளே செல்ல, நான் தெருவாசல் வழியாக நுழைந்தேன். வீட்டில் எல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது. ஒரு மரப்பெட்டி மட்டும் தனியே இருந்தது.

"மாப்பிள்ளை, இதெல்லாம் பழைய கிதாபுகள். ஓத ஆளில்லை. எந்த ஏட்டில் அல்லாஹ்வின் திருநாமம் இருக்கிறதோ! காகிதக்காரனிடம் போடக் கூடாது. தோணியில் எடுத்துப்போய்க் கண்ணியமாகக் கடலில் சேர்த்துவிடுவோம்" என்றார் அந்த அம்மையார்.

துணைவியார் பிஸ்மி சொல்லிப் பெட்டியைத் திறந்தார். சிறு வயதில் பாட்டியாரின் மடியிலிருந்து அவர் அரபுத் தமிழ் கற்றவர். மேலே கிடந்த ஏட்டைப் பிரித்துச் சிறிது நேரம் பார்த்தார். "ராத்தா, இது கிதாபு இல்லை. கடிதம்" என்றார்.

கொழும்பில் கல் வாணிகம் செய்த பாட்டனார் வீட்டுக்கு எழுதியது அது. மழைக்கு முன் ஓடு மாற்றச் சொல்லியிருந்தார்; மகள் குர்ஆனை எத்தனையாவது ஜுஸ்உ வரை ஓதியிருக்கிறாள் என்று விசாரித்திருந்தார். அதன் கீழே பாட்டியாரின் கையெழுத்தில் ஒரு கணக்கேடு. தேங்காய்க் கணக்கு, பிரசவ மருந்தின் பக்குவம், பிள்ளைகள் பிறந்த நாளும் நேரமும். அப்பட்டியலின் முதல் வரியில் ஓர் ஆண் குழந்தையின் பெயர். நாற்பதாம் நாள் மவுத்தானதென்று அருகே குறிப்பு. எழுபது வயதைக் கடந்த ராத்தா, தம் தாயாருக்கு மூத்தவராக ஒருவர் பிறந்திருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தார். நெடுநேரம் அவர் பேசவில்லை. இஷாவுக்குப் பின் அக்குழந்தையின் பெயரால் யாஸீன் ஓதினார்.

இதில் அவர் மீது என்ன குறை? மரியாதை செய்யவே நினைத்தார். ஆனால் படிக்கத் தெரியாத கைகளில் மரியாதையும் ஒரு வண்டல்தான். வேதமும் கடிதமும் கணக்கும் ஒன்றாகிவிடுகின்றன. எல்லாம் சேர்ந்து கடலுக்குப் போகின்றன. ஏட்டுக் கல்வி பெண்களுக்கு எட்டாதிருந்த காலத்தில் நம் வீட்டுப் பெண்கள் எழுதினார்கள், படித்தார்கள், கடல் கடந்த கணவரோடு கடிதத்தில் வாதாடினார்கள் என்பதற்குச் சாட்சி இத்தகைய பெட்டிகளே. மன்னர் கட்டிய மனாராவை ஊரே காக்கும். பாட்டியின் கணக்கேட்டைப் பேத்திதான் காக்க வேண்டும்.

அது அரிய காரியமுமன்று. நம் பிள்ளைகள் ஏழு, எட்டு வயதில் குர்ஆன் ஓதிவிடுகின்றனர். அரபு எழுத்துகள் அவர்களுக்குத் தெரியும். பேசுவதோ தமிழ். அரபியில் இல்லாத ப, ட, ண, ள, ழ முதலிய ஒலிகளுக்காகப் புள்ளி கூட்டி அமைத்த எழுத்துகளையும், எ, ஒ ஆகிய உயிர்களுக்கான குறிகளையும் கற்றுக்கொண்டால் போதும். பாட்டிமார் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். ஒரு கோடை விடுமுறை போதாதா?

அந்தப் பெட்டி கடலுக்குப் போகவில்லை. எங்களோடு நாகூருக்கு வந்தது. துணைவியார் நாள்தோறும் அஸருக்குப் பின் ஓர் ஏட்டை எடுத்துப் படிக்கிறார். நான் தமிழ் எழுத்தில் படியெடுக்கிறேன். இதுவரை மூன்று கட்டுகள் முடிந்திருக்கின்றன. இன்னும் பதினொன்று இருக்கின்றன. மகள் வயிற்றுப் பேத்தி வெள்ளிக்கிழமைகளில் வந்து அருகே அமர்கிறாள். ழகரத்தை மட்டும் இன்னும் தேடித்தான் கண்டுபிடிக்கிறாள்.