பேட்டரி பார்க்கிற வேலை

"உங்க பொண்ணு ஆர்மியில என்ன பண்றா?" என்று கோயிலில் யாராவது கேட்டால், "சிக்னல் பிரிவு" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அவளைக் கேட்டால், "இப்போதைக்கு பேட்டரிக்கு சார்ஜ் போடுறேன்" என்பாள். இதுக்கா இவ்வளவு தூரம் பயிற்சி எடுத்துட்டுப் போனே என்று முதலில் நானும் நினைத்தேன். அவள் ஒவ்வொரு போனிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்ன பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

அமெரிக்க ராணுவத்தில் முதுகில் சுமக்கிற ரேடியோவுக்கு பிஏ-5590 என்று ஒரு பேட்டரி பல வருடங்களாக இருக்கிறது. சின்னச் செங்கல் மாதிரி, எடை சுமார் ஒரு கிலோ. லித்தியமும் சல்பர் டை ஆக்சைடும் சேர்ந்த வகை. தீர்ந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். 2003-ல் ஈராக் போர் நடந்தபோது இதற்குக் கடும் தட்டுப்பாடு. பாதி மிச்சம் இருக்கிற பேட்டரியை எடுத்துக்கொண்டு ரோந்து போக யாருக்கும் மனசு வராது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பழைய மாடலில் வெளியே தெரியவும் தெரியாது. அதனால் கிளம்பும்போது புதுசாக ஒன்று. அரைகுறையாகத் தீர்ந்தவை குப்பைக்குப் போயின. ஆளை வெட்டவெளியில் விட்டுவிட்டு ரேடியோ செத்துப்போனால் உதவிக்குக் கூப்பிட வழியில்லை என்கிறபோது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது அதே வடிவத்தில் பிபி-2590 இருக்கிறது. லித்தியம் அயான், திரும்பத் திரும்ப சார்ஜ் போடலாம். இங்கேதான் என் மகள் வருகிறாள். புது பேட்டரிக்கு கம்பெனி சீல் சாட்சி. சார்ஜ் போட்ட பேட்டரிக்கு, போட்டவள்தான் சாட்சி.

இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதுதான் முதல் ஆபத்து. பழைய வகையைத் தவறிப்போய் சார்ஜரில் மாட்டினால் நச்சு வாயு கசியலாம், வெடிக்கவும் செய்யலாம். அதனால் தனித்தனி பெட்டி, தனித்தனி அலமாரி. குளிர் இன்னொரு தொல்லை. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் அயானுக்கு சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெட்டுவிடும். பனியில் இருந்து வந்ததை முதலில் உள்ளே வைத்து, சூடு ஏறிய பிறகுதான் மாட்ட வேண்டும். ரொம்ப நாள் சும்மா கிடக்கப்போவதை முழுசாக நிரப்பி வைக்கக் கூடாது, காலியாகவும் விடக் கூடாது. பாதி அளவில் வைக்க வேண்டும். பேட்டரி மேல் தெரிகிற அளவுகாட்டியும் நாளாக ஆக ஏமாற்றும். ஒருதரம் முழுசாக ஏற்றி இறக்கினால்தான் சரியாகக் காட்டும்.

"சுத்தமா தீர்த்துட்டுத்தான் திரும்ப ஏத்தணும்" என்று ஒரு சீனியர் விடாப்பிடியாகச் சொன்னாராம். அது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம். லித்தியம் அயானுக்கு அது நல்லதில்லை. மேனுவலைத் திறந்து காட்டியிருக்கிறாள். (வீட்டிலேயே எதிர்த்துப் பேசுகிறவள்தான்.)

சார்ஜருக்கும் கவனிப்பு வேண்டும். பின் வளைந்திருந்தால் ஏறுகிற மாதிரி பாவனை காட்டும், ஏறாது. விசிறியில் புழுதி அடைத்தால் சூடாகி நின்றுவிடும். தினமும் துடைக்கிறாள் என்று சொன்னதும் என் அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "அந்தக் காலத்துல சாயந்திரமானா அரிக்கேன் சிம்னி துடைக்கிறது என் வேலை. அது மாதிரிதானே?" என்றார். எனக்கு இத்தனை போன் தேவைப்பட்டது!

ஒவ்வொரு பேட்டரியிலும் டேப் ஒட்டி, சார்ஜ் போட்ட தேதியையும் தன் பெயரின் முதல் எழுத்தையும் எழுதி வைக்கிறாள். களப்பயிற்சியின்போது, ஏறியதை எடுத்துவிட்டு அடுத்ததை மாட்ட ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம். ஸ்கூலுக்குப் போன பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது தானாக எழுந்திருப்பாளா என்று நானும் மனைவியும் யோசித்துப் பார்த்தோம். ஞாபகமில்லை.