கூரையைக் கழற்றினால் வரி இல்லை

பி.காம். படித்துவிட்டு வங்கியில் கடன் கோப்பு பார்க்கிற ஆளுக்குக் கட்டடக்கலையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனாலும் ஒரு வருடமாக மனதில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன்.

கொல்கத்தாவில் எங்கள் கிளை டல்ஹவுசிப் பக்கம். தினமும் ஆளுநர் மாளிகையைத் தாண்டித்தான் போக வேண்டும். வெல்லெஸ்லி பிரபு காலத்தில், 1799-லிருந்து 1803-க்குள் சார்லஸ் வயட் என்பவர் கட்டியது. அதற்கு மாதிரி, இங்கிலாந்தின் டார்பிஷையரில் உள்ள கெடில்ஸ்டன் மாளிகை. அந்த வீட்டில் பிறந்த கர்சன் பிரபு பின்னாளில் வைஸ்ராயாகி, அதைப் பார்த்துக் கட்டிய இந்த வீட்டிலேயே குடியிருந்தார். கெடில்ஸ்டனுக்கு உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் ஆடம். ஸ்காட்லாந்துக்காரர், 1728-ல் கிர்கால்டி என்ற ஊரில் பிறந்தவர். நாங்கள் பாடத்தில் படித்த ஆடம் ஸ்மித்துக்கும் அதே ஊர்தான். அப்படித்தான் இந்த ஆடம் எனக்குப் பரிச்சயம்.

போன வருடம் மே மாதம் கிளாஸ்கோவில் இருக்கும் தம்பி டிக்கெட் எடுத்து அனுப்பினான். அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். "அண்ணே, உங்க ஆடம் கட்டுன வீடு ரெண்டு இங்க பக்கத்துலயே இருக்கு, ஒரே நாள்ல பாத்துடலாம்" என்றான். இரண்டும் தெற்கே அயர்ஷையரில்.

முதலில் கலேன் கோட்டை. (எழுத்தில் 'இசட்' இருக்கும், வாயில் வராது.) 1777 முதல் 1792 வரை காசிலிஸ் பிரபு டேவிட் கென்னடிக்காக ஆடம் கட்டியது. கடலோரப் பாறை மேல் நிற்கிறது. நடுவே நீள்வட்டப் படிக்கட்டு, கடலைப் பார்த்த வட்ட அறை. 1945-ல் குடும்பத்தார் இதை ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். மேல் மாடியில் ஒரு பகுதியை ஐசனோவர் தங்குவதற்கென்று ஒதுக்கினார்கள். டிக்கெட், டீக்கடை, நினைவுப் பொருள் கடை எல்லாம் உண்டு. அம்மா ஜன்னல் திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை யார் துவைப்பா?" என்பது அவள் கேள்வி.

மத்தியானத்துக்கு மேல் டெய்லி என்ற சிற்றூருக்கு வந்தோம். அங்கே கிர்வன் ஆற்றங்கரையில் டல்குவாரன். அதே ஆடம், அதே கென்னடி வம்சத்தின் இன்னொரு கிளை. ஆடமின் அண்ணன் தம்பி வழிப் பெண் ஒருத்தியை மணந்த தாமஸ் கென்னடிக்காக 1785-ல் வரைந்தது. 1790 வாக்கில் வேலை முடிந்தது. 1792-ல் ஆடம் இறந்துவிட்டார். ஆக, அவருடைய கடைசிக் கால வேலைகளில் ஒன்று.

வெளியே பார்த்தால் கோட்டை: மூலைக் கோபுரங்கள், உச்சியில் கொத்தளப் பற்கள், தெற்கே பெரிய உருண்டைக் கோபுரம். உள்ளே திட்டம் கோட்டையே இல்லை. நடுவே வட்டமான படிக்கட்டுக் கூடம், அதைச் சுற்றி அறைகள் என்று அளவெடுத்துச் செய்த நாகரிக வீடு. சண்டைக்கான வீடில்லை, சண்டை போட்ட பரம்பரை என்று சொல்லிக்கொள்வதற்கான வீடு. நிஜமாகவே பழைய கோட்டை ஒன்று அதே தோட்டத்தில் இடிந்து கிடக்கிறது. புதுவீடு கட்டியதும் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். 1880-81-ல் பேரப்பிள்ளைகள் காலத்தில் இரண்டு பக்கமும் சிறகுகள் சேர்த்தார்கள்.

நாங்கள் பார்த்தபோது சுவர்கள் முழு உயரத்துக்கு நின்றன. கூரை இல்லை. ஜன்னல் வழியே பார்த்தால் உள்ளே வானம் தெரிகிறது. ஆபத்து என்பதால் வெளியிலேயே நின்றோம்.

"தீப்பிடிச்சுதா?" என்றேன்.

"இல்லண்ணே. குண்டும் விழல. 1967-ல வரி கட்டாம இருக்கறதுக்காக அவங்களே கூரையைக் கழட்டிட்டாங்க."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. தம்பி விளக்கினான். அங்கே அப்போது 'ரேட்ஸ்' என்று ஓர் உள்ளாட்சி வரி இருந்தது. நம்மூர் வீட்டு வரி மாதிரி, என்ன வாடகைக்குப் போகும் என்பதை வைத்துக் கணக்கிட்டார்கள். கூரையுள்ள வீடு பூட்டிக் கிடந்தாலும் வரி வந்தது. கூரை இல்லையென்றால் அது வீடே இல்லை, வரியும் இல்லை. போதாததற்கு, கழற்றிய ஈயத் தகடும் கற்பலகையும் மரமும் காசாகும். இந்த வழியில் போனது டல்குவாரன் மட்டுமில்லை. அபர்டீன்ஷையரில் ஸ்லேன்ஸ் கோட்டை 1925-ல், பக்கனன் கோட்டை 1950களின் நடுவில், ஆர்கைலில் பொல்டலாக் மாளிகை 1957-ல். போர்களுக்குப் பிறகு வாரிசு வரி ஏறியது, வேலைக்கு ஆள் குறைந்தது. நூறு அறை வீட்டைக் கணப்பு மூட்டிக் காப்பாற்ற முடியவில்லை. டல்குவாரனே 1930களில் இளைஞர் விடுதியாக இருந்தது. போர்க்காலத்தில் கிளாஸ்கோவிலிருந்து காது கேளாத பிள்ளைகளின் பள்ளி வந்து தங்கியது. அதற்குப் பிறகு அதற்கு உபயோகம் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு வங்கிக் கதையும் சொல்லியாக வேண்டும். இதே அயர் ஊரில் 1769-ல் டக்ளஸ், ஹெரான் கம்பெனி என்று ஒரு வங்கி ஆரம்பித்தார்கள். பங்குதாரர்களில் நிலக்கிழார்கள் நிறைய. கேட்டவர்க்கெல்லாம் கடன். 1772-ல் படுத்துவிட்டது. பொறுப்புக்கு வரம்பு கிடையாது, எனவே பங்குதாரர்களின் நிலங்கள் ஏலத்துக்குப் போயின. 1776-ல் வந்த தன் புத்தகத்தில் ஆடம் ஸ்மித் அந்த வங்கியைப் பிரித்து மேய்ந்திருக்கிறார். அதே நெருக்கடியில் ராபர்ட் ஆடம் சகோதரர்களும் லண்டனில் கட்டிக்கொண்டிருந்த அடெல்ஃபி குடியிருப்பால் திவாலாகப் பார்த்தார்கள். பாராளுமன்ற அனுமதி வாங்கி, 1774-ல் லாட்டரி நடத்தித் தப்பினார்கள். ஆக, இந்த அழகான வீடுகளின் அடியில் முதலிலிருந்தே ஒரு கடன் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கூரையைக் கழற்றியது அதன் கடைசி வரி.

கூரை போனால் என்ன ஆகும் என்பதைத் தம்பி (கட்டுமானப் பொறியாளர்) சுவரைக் காட்டியே சொன்னான். பார்க்கத்தான் கெட்டிச் சுவர். பெரும்பாலும் இரண்டு பக்கமும் கல் முகம், நடுவே சில்லுக் கல்லும் சுண்ணாம்பும். மழை மேலேயிருந்து உள்ளே இறங்கும். குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து சுமார் 9 சதவீதம் பெருக்கும். கல் பிதுங்கும். சுவரில் செருகியிருக்கும் உத்திர முனைகள் மக்கும், மாடித்தளம் விழும். தளம்தான் நாலு சுவரையும் சேர்த்துப் பிடித்திருந்தது. அப்புறம் காக்கை போட்ட விதையிலிருந்து மரம். "கூரை இருக்கறவரைக்கும் எதை வேணா திருப்பிச் சரி பண்ணலாம். அது போச்சுன்னா நாள் எண்ண வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு நிறுத்தினான். நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

காரணம் உண்டு. பாபநாசம் பக்கத்தில் எங்கள் அப்பா வீடு ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. நாட்டு ஓடு, நடுவே முற்றம், தேக்கு உத்திரம். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்புதான் சித்தப்பா பேசியிருந்தார். மரவாடிக்காரர் ஒருவர் ஓட்டையும் மரத்தையும் பிரித்து எடுத்துக்கொண்டு நல்ல விலை தருவதாகச் சொன்னாராம். நான் உடனே ஒரு எக்செல் தாள் போட்டுத் தம்பிக்கு மெயில் அனுப்பினேன். ஓடு மாற்றும் செலவு, வரி, காவலுக்கு ஆள், எதிர்ப்பக்கம் வருமானம் பூஜ்யம். கீழே சிவப்பில் கூட்டுத்தொகை. 'பிரித்துவிடலாம், மனை எங்கும் ஓடிவிடாது' என்று குறிப்பு வேறு. வேலையிலும் அதுதான் பழக்கம். பழைய கட்டடம் என்றால் மதிப்பீட்டு அறிக்கையில் மனைக்குத்தான் விலை, கட்டடத்துக்கு ஒன்றுமில்லை. தம்பி 'சரிண்ணே' என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருந்தான்.

1967-லும் யாரோ ஒருவர் இப்படித்தான் ஒரு தாளில் கூட்டிக் கழித்திருப்பார். அவர் கணக்கில் தப்பே இருந்திருக்காது. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

அம்மா காரை விட்டு இறங்கவில்லை, முழங்கால் வலி. ஜன்னல் வழியாக வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிட்டு ஓடு மாத்த ஆளில்லாம விட்டுட்டாங்களே" என்றாள். எக்செல் விஷயம் அவளுக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் சொல்லவில்லை.

அன்றிரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. இந்தியாவில் விடிவதற்காகக் காத்திருந்து சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். மரவாடிக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஆள் பாருங்கள் என்றேன். "அதானே, பணம் யாரு குடுப்பா?" என்றார். பாதி நான், பாதி தம்பி என்றேன். ஐப்பசிக்குள் வேலை முடிந்தது.

வீரமாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அந்த வீட்டில் நாங்கள் யாரும் போய்க் குடியிருக்கப் போவதில்லை, அது எனக்குத் தெரியும். தாளில் கூட்டுத்தொகை இன்னும் சிவப்பில்தான் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் நாளைக்கு விற்கலாம், இடிக்கலாம், அது அவர்கள் பாடு. முடிவெடுக்க அவர்களுக்கு ஒரு வீடு இருக்கட்டும் என்பதற்காகத்தான் இந்தச் செலவு.

உங்கள் ஊர் வீட்டுக்கு யார் ஓடு மாற்றுகிறார்கள்? சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.