பட்டினியில் ஊறும் எண்ணெய்

மீனெண்ணெய்க்கு மதிப்புத் தரும் டிஹெச்ஏ, இபிஏ என்னும் இரண்டு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் மீனுக்குள் பிறப்பவை அல்ல. கடல் நீரில் மிதக்கும் நுண்பாசிகளே அவற்றை ஆக்குகின்றன. பாசியை மிதவை உயிர்கள் தின்கின்றன. பாசியையும் அவற்றையும் நெத்திலியும் மத்தியும் தின்ன, கொழுப்பு படிப்படியாக மீனில் சேர்கிறது. ஆளிவிதை எண்ணெயில் இருப்பது வேறொரு ஒமேகா-3. மனித உடல் அதில் மிகச் சிறு பங்கைத்தான் டிஹெச்ஏவாக மாற்றிக்கொள்ளும். உலகச் சந்தையின் மீனெண்ணெய் பெருமளவு பெரு நாட்டு நெத்திலியை நம்பியிருக்கிறது. எல் நினோவால் கடல் சூடேறி, 2023இல் அங்கே ஆண்டின் முதல் மீன்பிடிப் பருவமே ரத்தானது. மீனை விட்டுவிட்டு நேரே பாசியிடம் போவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

எந்த உயிரை வளர்ப்பது என்ற முடிவில் பாதி வேலை அடங்கிவிடும். இபிஏ வேண்டுமானால் வெளிச்சத்தில் வளரும் நேனோகுளோராப்சிஸ். 2 முதல் 4 மைக்ரான் அளவுள்ள பச்சை உருண்டை. டிஹெச்ஏ வேண்டுமானால் வெளிச்சமே தேவைப்படாத கிரிப்தெகோடினியம் அல்லது ஸ்கைசோகைட்ரியம். கிரிப்தெகோடினிய எண்ணெயை வணிக அளவுக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் மேரிலாந்தில் இருந்த மார்ட்டெக் நிறுவனம். 2001இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் ஆட்சேபம் சொல்லாததால், கைக்குழந்தைகளுக்கான பால்மாவில் அது இடம்பெற்றது. ஸ்கைசோகைட்ரியம் கண்டிப்பாகப் பார்த்தால் பாசியே அல்ல. அதற்குப் பச்சையம் கிடையாது. அலையாத்திக் காடுகளில் உதிர்ந்து மட்கும் இலைகளில் அதன் உறவினங்கள் வாழ்கின்றன. அந்தக் காட்டு நீரில் பைன் மரத்தின் மகரந்தத்தைத் தூவினால் அவை அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். அவற்றைப் பிரித்தெடுக்கும் பழைய முறை அது.

தாய்வித்தைப் பேணுவது அடுத்த கட்டம். மரக்காணம் கடற்கரையில் இறால் குஞ்சு பொரிப்பகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. இறாலின் இளம்பருவத்துக்குத் தீனியாகக் கீட்டோசெரோஸ் வளர்ப்பதும் இதே வழியில்தான். கடல்நீரை வடிகட்டி, குளோரின் போட்டு, தயோசல்பேட்டால் குளோரினை முறித்து, உரம் சேர்க்கிறார்கள். பரவலாகப் பயன்படும் எஃப்/2 கலவையில் லிட்டருக்கு 75 மில்லிகிராம் சோடியம் நைட்ரேட் இருக்கும். குடுவையிலிருந்து கேனுக்கு, கேனிலிருந்து தொட்டிக்கு என்று வித்து பெருகுகிறது. வளர்ச்சி வேகம்பிடித்திருக்கும்போதே அதை மாற்றிவிட வேண்டும். நிறம் அடர்ந்து பார்வைக்கு வளமாகத் தெரியும் வித்து, உண்மையில் உரம் தீர்ந்து களைத்ததாக இருக்கலாம். அதை ஊற்றிய தொட்டி நாட்கணக்கில் அசையாமல் கிடக்கும், அதற்குள் வேறு உயிர்கள் முந்திவிடும்.

வெளிச்சத்தில் வளர்க்கும் குளங்கள் 15 முதல் 30 சென்டிமீட்டர் ஆழம்தான். பாசி பெருகப் பெருகத் தன் நிழலில் தானே இருண்டுபோகும் என்பதால் அதற்கு மேல் ஆழம் வீண். துடுப்புச் சக்கரம் இரவு பகலாக நீரைச் சுழற்றும். பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்ள நீரின் காரத்தன்மை ஏறும். வாயுவைக் குமிழிகளாகச் செலுத்தி அதை இறக்க வேண்டும். இவ்வளவுக்கும் பின் லிட்டருக்கு அரை கிராம் பாசி கிடைப்பது சாதாரணம். அதாவது ஒரு கிலோ உலர்பாசிக்கு 2000 லிட்டர் நீரைக் கையாள வேண்டும். காலையில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதைத் தவறவிடவே கூடாது. பாசியை மேயும் சிலியேட்டுகள் கண்ணில் பட்டால், கணக்காகக் கொஞ்சம் ஹைப்போகுளோரைட் இட்டு அவற்றை அடக்கலாம்; தாமதித்தால் பச்சைக் குளம் விரைவிலேயே பழுப்பு நீராகிவிடும்.

பாசி எண்ணெய் சேர்ப்பது செழிப்பில் அல்ல, பட்டினியில். தழைச்சத்து தீர்ந்ததும் செல்லால் புரதம் ஆக்க முடியாது, பிரிந்து பெருகவும் முடியாது. ஆனால் கார்பன் வரத்து நிற்பதில்லை. வந்த கார்பனை அது டிரைகிளிசரைடு கொழுப்பாக மாற்றித் துளிகளாகத் தனக்குள் தேக்குகிறது. ஆகவே முதலில் நிறையத் தீனி கொடுத்து எண்ணிக்கையைப் பெருக்கி, பிறகு தழைச்சத்தை நிறுத்துவது இந்தத் தொழிலின் அடிப்படை. முன்கூட்டி நிறுத்தினால் எண்ணெய் ஏறும், பாசி இராது.

இதை எல்லாப் பாசிக்கும் பொதுவிதியாக எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து. ஸ்கைசோகைட்ரியம் டிஹெச்ஏவைச் சேமிப்புக் கொழுப்பிலேயே வைக்கிறது. பட்டினி போட்டால் எண்ணெயோடு டிஹெச்ஏவும் கூடும். நேனோகுளோராப்சிஸில் இபிஏ பெரும்பாலும் இருப்பது சவ்வுகளில், அதிலும் ஒளிச்சேர்க்கை நடக்கும் சவ்வுகளில். பட்டினி நீளும்போது அந்தச் சவ்வுகள் சுருங்குகின்றன. மொத்தக் கொழுப்பு ஏறும், அதில் இபிஏவின் பங்கு இறங்கும். எனவே இபிஏவுக்காக வளர்ப்பவர் அரைப்பட்டினியோடு நிறுத்தி, வளர்ச்சி இன்னும் நடக்கும்போதே அறுவடை செய்வதே நல்லது. மொத்த எண்ணெய் விழுக்காட்டை மட்டும் பார்த்து ஒரு குளத்தை மெச்சுவது தவறான அளவுகோல். வெப்பத்தைக் குறைத்தால் இபிஏ கூடும் என்பதும் உண்மைதான், ஆனால் வளர்ச்சி மந்தமாகும்.

இருட்டுத் தொட்டிகளின் கணக்கே வேறு. எஃகுக் கலனில் குளுக்கோஸ் ஊட்டினால், ஸ்கைசோகைட்ரியம் சில நாட்களில் லிட்டருக்கு 100 கிராமைத் தாண்டும். உலர் எடையில் பாதிக்கு மேல் எண்ணெயாகவே இருக்கக்கூடும். கடலுப்பின் குளோரைடு எஃகை அரிப்பதால் சோடியம் சல்பேட்டைக் கொண்டு உப்புத்தன்மை தருகிறார்கள். பெருகும் கட்டத்தில் காற்று தாராளமாக வேண்டும். எண்ணெய் சேரும் கட்டத்தில் ஆக்சிஜனைக் குறைத்துவைத்தால் டிஹெச்ஏவின் பங்கு உயர்கிறது. கடலுக்குச் சுமை இல்லை என்று பெருமைப்படும்போது, அந்தச் சர்க்கரை ஏதோ ஒரு வயலில் விளைந்தாக வேண்டும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அறுவடைக்குப் பின் நேரமே எதிரி. மையவிலக்கியில் திரட்டிய நேனோகுளோராப்சிஸின் கெட்டிச் சுவரைச் சிறு மணிகள் சுழலும் ஆலையில் அரைத்து உடைக்க வேண்டும். ஸ்கைசோகைட்ரியத்துக்குப் புரதம் கரைக்கும் நொதியே போதும். டிஹெச்ஏ மூலக்கூறில் ஆறு இரட்டைப் பிணைப்புகள். ஒவ்வொன்றின் அருகிலும் ஆக்சிஜன் நுழைய வழியுண்டு. மீனே தொடாத எண்ணெயில் மீன்வாடை வருவது அப்படித்தான். குளிர், இருட்டு, நைட்ரஜன் நிரப்பிய பீப்பாய், சேர்க்கப்படும் டோகோஃபெரால் ஆகிய நான்கும் சேர்ந்துதான் அதைத் தடுக்கின்றன. தரம் பார்க்கும்போது பெராக்சைடு எண் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. கெடுதலின் முதற்கட்டத்தில் உண்டாகும் பெராக்சைடுகள் பின்னர் ஆல்டிஹைடுகளாக உடைந்துவிடுவதால், பழைய எண்ணெயிலும் அந்த எண் தாழ்ந்திருக்கலாம். ஆல்டிஹைடுகளைக் காட்டும் அனிசிடின் எண்ணையும் உடன் எடுத்த பிறகே பீப்பாய்க்கு முத்திரை இடப்படுகிறது.