ஆளில்லாக் கரை

“ஒக்ரோபரிலா அக்கிலுக்குப் போகிறீர்கள்? அப்படியானால் கரை முழுவதும் உங்கள் இருவருக்குமே சொந்தம்” என்றார், வெஸ்ற்போட் பட்டினத்தில் நாம் இரவு தங்கிய விடுதியின் அம்மையார். அன்பாகத்தான் சொன்னார். வழியில் குடிப்பதற்கென்று போத்தலொன்றில் தேநீரும் நிரப்பித் தந்தார். கோடையிலே உல்லாசப் பிரயாணிகளின் வண்டிகள் நெருக்கியடிக்கும் பாதை அது என்றும், இப்போது செம்மறியாடுகளைத் தவிர வேறெவரும் குறுக்கே வரமாட்டார்கள் என்றும் விளக்கினார். ஆளில்லாத அழகொன்று ஒரு பகல் முழுவதும் எமக்கே எமக்கு என்ற எண்ணம் எமக்கும் இனிக்கத்தான் செய்தது. மறைப்பானேன்?

அயர்லாந்தின் மேற்குக் கரையிலே, மேயோ மாவட்டத்தில், அத்திலாந்திக் சமுத்திரத்துள் நீண்டு கிடக்கும் தீவு அக்கில். ஒரு பாலம் அதனைப் பெருநிலத்தோடு இணைக்கிறது. இன்று அங்கே வாழ்பவர்கள் ஏறத்தாழ 2,500 பேர். மேற்குக் கரையோரப் பாதைகளையெல்லாம் தொடுத்து, 2,500 கிலோமீற்றர் நீளமான ஒரே வழியாக்கி, 2014 இல் அதற்குக் ‘கட்டற்ற அத்திலாந்திக் வழி’ என்று பெயர் சூட்டினார்கள் அந்நாட்டு உல்லாசப் பிரயாணத் துறையினர். அக்கிலும் அவ்வழியில் அடங்கும். கவர்ச்சியான பெயர்தான். மனிதக் கை படாத இயற்கை என்ற பொருள் அதில் தொனிக்கிறது. ஆனால் வண்டி நியூபோட்டைத் தாண்டிய சற்று நேரத்திலேயே அந்தப் பெயரில் எமக்கு ஐயம் தோன்றத் தொடங்கியது.

பாதையோரமாக ஒரு துவிச்சக்கர வண்டிப் பாதை எம்மோடு கூடவே ஓடி வந்தது. முன்பு புகைவண்டி ஓடிய தண்டவாளத்தின் தடம் அது. வெஸ்ற்போட்டிலிருந்து அக்கில் வரை 42 கிலோமீற்றர். 1895 இல் முறைப்படி திறந்து, 1937 இல் மூடிவிட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான ஆயுள். மனிதர் குறைந்த இந்தச் சேற்று நிலத்தின் ஊடாக யாருக்காகப் புகைவண்டி விட்டார்கள்? அதன் விடையை நாம் அன்று நண்பகலுக்கு முன்பே, எதிர்பாராத ஓரிடத்தில் காண நேர்ந்தது.

அதற்கு முன் கண்ணுக்குக் கிடைத்த விருந்தைச் சொல்லாமல் விடுவது நன்றிகெட்ட செயல். இலையுதிர் காலம் என்கிறோம். அங்கே உதிர்வதற்கு மரங்களே அரிது. குன்றுகளிற் படர்ந்த பன்னச்செடிகள்தான் துருவேறிய இரும்பின் நிறம் பூண்டிருந்தன. அவற்றினிடையே புல் செம்பொன்னாக வெளுத்துக் கிடந்தது. மல்றானியில் வேலிகளிலே சிவந்த தொங்குபூக்கள் இன்னும் உதிராமல் ஆடின. கால்மணிக்கொருதரம் மழை, மழைக்கொருதரம் வானவில். எம்மில் ஒருவர் படம் பிடிப்பதற்காக நாலு தடவை வண்டியை நிறுத்தச் செய்ததும், மற்றவர் ஐந்தாந் தடவை முணுமுணுத்ததும் இக்கட்டுரைக்கு வேண்டாத விஷயங்கள்.

தீவுக்குள் நுழையும் பாலத்துக்கு மைக்கல் டேவிற்றின் பெயர். இன்றுள்ளது 2008 இல் திறக்கப்பட்டது. அவ்விடத்தில் 1887 இல் அமைந்த முதற் பாலத்தை டேவிற்றே வந்து திறந்துவைத்தார். மேயோவில் 1846 இல் பிறந்தவர் அவர். குழந்தையாயிருக்கையிலேயே, குடியிருந்த நிலத்திலிருந்து குடும்பம் வெளியேற்றப்பட்டது. இங்கிலாந்தின் லங்காஷயரிலே பஞ்சாலையில் வேலை செய்தபோது, பதினொரு வயதில் இயந்திரத்திற் சிக்கி வலக்கையை இழந்தார். அந்த ஒற்றைக் கையர்தான் 1879 ஒக்ரோபரில் காசில்பார் நகரிலே நிலச்சங்கத்தை நிறுவியவர்களுள் முதன்மையானவர். குத்தகைக் கமக்காரர்களை ஒன்றுதிரட்டி, நிலப்பிரபுத்துவத்தின் ஆணிவேரை அசைத்த இயக்கம் அது. கல்லிற் பொறித்த பெயரை வாசித்துக்கொண்டே பாலத்தைக் கடந்தோம்.

தெற்கே திரும்பி, நீரிணையின் ஓரமாகக் கில்டவ்னெற்றை அடைந்தோம். கரையில் ஓமாலி குலத்தவரின் கோபுரம் ஒன்று நிற்கிறது. கடற்கொள்ளைக்காரி என்று ஆங்கிலேயர் குறித்துவைத்த கிறேஸ் ஓமாலியின் பெயரோடு அதனை இணைத்துப் பேசுவர். கோபுரத்தைப் பார்க்கத்தான் இறங்கினோம். பார்த்துக்கொண்டு நின்றது அதனருகேயுள்ள சேமக்காலையைத்தான்.

1894 ஜூன் 14 அன்று, தீவின் இளைஞரும் யுவதிகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் பாய்க்கப்பலொன்றில் ஏறி வெஸ்ற்போட் துறைக்குப் புறப்பட்டார்கள். ஸ்கொத்லாந்துக்குப் போகும் நீராவிக் கப்பல் அங்கே காத்து நின்றது. துறையை நெருங்கியபோது அதனைக் காணும் ஆவலில் எல்லோரும் ஒரே பக்கமாக ஓடினார்களாம். படகு கவிழ்ந்தது. 32 பேர் மாண்டார்கள். புகைவண்டிப் பாதை இன்னும் திறக்கப்படாத காலம். ஆயினும் ஒரு விசேட வண்டி விட்டுப் பிரேதங்களை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அப்புதுப் பாதையில் முதன்முதலாக வந்த பயணிகள் அவர்களே.

நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்து, 1937 செப்டெம்பர் 16 இல், ஸ்கொத்லாந்தின் கேர்க்கின்ரில்லொக் நகரில் உருளைக்கிழங்கு கிண்டப் போயிருந்த அக்கில் தொழிலாளர் உறங்கிய கொட்டகை தீப்பற்றியது. பத்துப் பேர் வெந்து மாண்டார்கள். மூத்தவருக்கு வயது 23, இளையவனுக்கு 13. அவர்களும் புகைவண்டியிலேயே ஊர் திரும்பினார்கள். இரண்டு வாரங்களுக்குள் அப்பாதை நிரந்தரமாக மூடப்பட்டது. இரு விபத்துக்களிலும் இறந்தவர்கள் கில்டவ்னெற்றிலேதான் உறங்குகிறார்கள். 1937 இன் கல்லிலே பெயர்களை வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினோம், பாதியில் மௌனமானோம்.

பிரையன் றூவா என்ற தீர்க்கதரிசி ஒருவர் பதினேழாம் நூற்றாண்டிலேயே இதனைச் சொல்லிவைத்தாராம். இரும்புச் சக்கரங்களில் புகை கக்கும் வண்டி அக்கிலுக்கு வரும். அதன் முதற் பயணத்திலும் கடைசிப் பயணத்திலும் பிணங்கள் வரும் என்றாராம். அப்பகுதியில் யாரைக் கேட்டாலும் இக்கதையைச் சொல்வார்கள். எம்மில் ஒருவர் அதனைக் கேட்டு மெய்சிலிர்த்தார். மற்றவர் சினந்தார். விதி என்று சொல்லிவிட்டால் வேறு கேள்வி எழாதல்லவா? பதின்மூன்று வயதுப் பாலகன் எதற்காகக் கடல் கடந்து கிழங்கு கிண்டப் போனான்? அவனை ஏன் கொட்டகையில் படுக்கவிட்டார்கள்? இவற்றுக்குத் தீர்க்கதரிசியிடம் பதில் இல்லை. மழை வலுக்கவே வண்டிக்குள் இருந்து, அம்மையாரின் தேநீரைக் குடித்தபடி இந்த வாதத்தைத் தொடர்ந்தோம்.

பதில் உண்மையில் அவ்வளவு மறைவானதன்று. அக்கிலின் துண்டு நிலங்களில் விளைந்ததைக் கொண்டு குத்தகையும் கொடுத்து உயிரும் வாழ முடியாது. ஆகவே கோடை பிறந்ததும் குழுக் குழுவாக ஸ்கொத்லாந்துக்குப் புறப்பட்டார்கள். ஆட்களைச் சேர்க்கத் தலைவன் ஒருவன் இருந்தான்; நம் மலைநாட்டுக் கங்காணியை அறிந்தவர்களுக்கு அவனை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. பண்ணைக்குப் பண்ணை நகர்ந்து, ஈரமண்ணில் முழந்தாளிட்டுக் கிழங்கு பொறுக்கி, மாட்டுக் கொட்டில்களில் வைக்கோல்மீது உறங்கினார்கள். மாரியில் கொண்டுவந்த கூலி குத்தகைக்கும் கடைக்கடனுக்கும் போயிற்று. அதாவது, அக்கில் நிலத்தின் குத்தகை அக்கிலில் விளையவில்லை. ஸ்கொத்லாந்தின் வயல்களில்தான் விளைந்தது. புகைவண்டி யாருக்காக ஓடியது என்ற கேள்விக்கும் இதிலே பாதி விடை உண்டு. 1937 இன் தீயையடுத்து, ‘கொட்டகைத் தீயும் மற்றவையும்’ என்ற கருத்துப்படும் தலைப்பில் பெடர் ஓ டொனல் என்ற சோஷலிச எழுத்தாளர் சிறு பிரசுரமொன்றை வெளியிட்டார். அந்த ‘மற்றவை’தான் விஷயமே.

மேற்கு முனையிலுள்ள கீம் விரிகுடாவுக்குப் போகும் பாதை செங்குத்தான மலைச்சரிவைச் செதுக்கி அமைத்த ஒடுங்கிய பாதை. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளத்தில் கடல். ஓரிடத்தில் முதுகிலே நீலச் சாயம் பூசிய ஆடொன்று நடுவீதியிற் படுத்து, எழும்ப மறுத்தது. ஐந்து நிமிஷம் காத்திருந்தோம். இறுதி வளைவு திரும்பியதும், குதிரை லாடம்போன்ற வெண்மணற் கரையும் மரகத நீரும்! அம்மையார் சொன்னது சத்தியம்: எவருமில்லை. 2022 இல் வெளியான ‘த பான்ஷீஸ் ஒஃப் இனிஷெரின்’ திரைப்படத்தின் காட்சிகள் சில இங்கே எடுக்கப்பட்டன என்பதால், படத்தில் வரும் வீட்டைத் தேடிப் பலர் வருவதுண்டாம். அது படத்துக்காகக் கட்டிப் பின் பிரித்தெடுத்த வீடு.

உண்மையாகவே கீமில் குடியிருந்த ஒருவரைப் பற்றி எமது வாசகருக்குச் சொல்லவேண்டும். அவர் பெயர் கப்டன் சார்ல்ஸ் பொய்கொட். 1850 களில் அக்கிலுக்கு வந்து, குத்தகைக்குப் பெருநிலம் எடுத்து, முதலில் கீமிலும் பின்னர் அருகே டூவா ஊரின் மேலுள்ள பெரிய வீட்டிலும் வசித்தார். 1870 களில் தீவை விட்டு மேயோவின் மாஸ்க் ஏரிக்கரைக்குப் போய், ஏர்ன் பிரபுவின் நில முகவராகவும் விளங்கினார். 1880 இல், விளைச்சல் கெட்ட காலத்தில், குத்தகையைக் குறைக்கும்படி குடியானவர் கேட்டார்கள். மறுப்பும் வெளியேற்றும் கட்டளையுமே கிடைத்தன. அடிதடி ஏதுமின்றி ஊரே அவரைக் கைவிட்டது. வேலையாள் வேலைக்குப் போகவில்லை. கடைக்காரன் சாமான் கொடுக்கவில்லை. வட பகுதியிலிருந்து ஐம்பது பேர் வந்து, ஆயிரம் படையினரின் காவலில் அவருடைய கிழங்கை எடுத்தார்கள். 500 பவுண் பெறுமதியான விளைச்சலுக்கு 10,000 பவுண் செலவு என்று அப்போதே எள்ளி நகையாடினார்கள். அவர் பெயர் உலகமெங்கும் வினைச்சொல்லாயிற்று. நாம் பகிஷ்கரிப்பு என்கிறோம். 1931 இல் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸின் அழைப்பை ஏற்று, டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழான தேர்தலை வடபகுதி ஒதுக்கியபோது கையாண்ட ஆயுதத்துக்கு, இந்த மணற்கரையில் ஆடு மாடு வளர்த்த ஒரு கப்டனின் பெயர். அத்திட்டத்துக்குத் தம் பெயரைக் கொடுத்த டொனமூர் பிரபுவும் அயர்லாந்துப் பிரபு வம்சத்தவரே!

பொழுது சாயத் தொடங்கியிருந்தது. திரும்பும் வழியில் ஸ்லீவ்மோர் மலையின் தென்சரிவுக்குப் போனோம். அங்கேதான் ‘கைவிடப்பட்ட கிராமம்’ இருக்கிறது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் நீளத்துக்கு, எண்பதிலிருந்து நூறு வரையான கல்வீடுகள்; ஒன்றுக்கும் கூரையில்லை. 1957 இல் வெளிவந்த தம் அயர்லாந்து நாட்குறிப்பிலே ஹைன்ரிச் பொல் என்னும் ஜெர்மன் எழுத்தாளர் இக்கிராமத்தை வருணித்திருக்கிறார். அவர் குண்டுவீச்சில் நொறுங்கிய கொலோன் நகரத்தவர். கூரையற்ற வீடுகளைக் கண்டு பழகிய கண்கள் எமக்கும் உண்டு.

சூரியன் தாழ்ந்து சரிவாக ஒளிவீசியபோது, அதுவரை வெறும் புற்றரையாகத் தெரிந்த மலைச்சரிவு திடீரென்று வேறொன்றாக மாறியது. வீடுகளுக்கு மேலும் கீழும், கண்ணுக்கெட்டிய வரையில், நிழற்கோடுகள் எழுந்தன. மேடும் பள்ளமுமாக நீண்ட பாத்திகள்! கடற்பாசியையும் மணலையும் முதுகிலே சுமந்து வந்து, மண்வெட்டியால் உயர்த்திக் கிழங்கு நட்ட பாத்திகள் அவை. 1845 இல் கிழங்குப் பயிரை நோய் தின்றது. பத்து இலட்சம் மக்கள் மடிந்த பெரும் பஞ்சம் தொடர்ந்தது. அதே ஆண்டுகளில் அந்நாட்டிலிருந்து தானியமும் கால்நடையும் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தன. அயலிலே டூகோட்டில் 1830 களில் தோன்றிய மிஷன் பள்ளியும் அச்சகமும் நடத்தியது. பஞ்சத்தில் கஞ்சி வார்த்தது. கஞ்சிக்கு விலையாக மதமாற்றம் கேட்டதென்ற பழியையும் ஏற்றது. பின்னர் அதுவே தீவின் பெரிய நிலவுடைமையாளராயிற்று. பஞ்சமும் குத்தகையும் வெளியேற்றமும் சேர்ந்து இந்தச் சரிவை வெறுமையாக்கின. அந்த வெறுமையைத்தான் நாம் காலையிலிருந்து படம் பிடித்துக்கொண்டிருந்தோம்.

ஆடுகளைத் தேடி வந்த முதியவர் ஒருவர் எம்மைக் கண்டு நின்றார். “உங்களுடைய ஆட்கள் யாராவது இங்கே இருந்தார்களா?” என்று கேட்டார். எமது நிறத்தைப் பார்த்தும் அவர் அப்படிக் கேட்டது எம்மை வியக்கவைத்தது. அமெரிக்காவிலிருந்து பாட்டனின் வீட்டைத் தேடி வருபவர்களைக் கண்டு பழகியவர் போலும். இல்லை என்றோம். தம் தாயார் பதினான்கு வயதிலே ஸ்கொத்லாந்துக்குக் கிழங்கு பொறுக்கப் போனவர் என்றார். முழந்தாள் வலி சாகும்வரை தீரவில்லையாம். ஊர் வெறிதான பின்பும் கோடையில் மாடு மேய்ப்பவர்கள் இவ்வீடுகளில் வந்து தங்குவார்களாம். அவருடைய தந்தையும் சிறுவனாக இங்கே உறங்கியிருக்கிறார். கைத்தடியை நீட்டி, மேற்கிலிருந்து எண்ணி, ஏழாவது வீட்டைக் காட்டினார். “போய்ப் பாருங்கள். ஈரமாயிருக்கும், கவனம்” என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கினார்.

ஏழாவது வீட்டின் வாசலில் குனிந்து நுழைந்தோம். ஒரேயோர் அறை. மேற்பாதியில் மனிதர், கீழ்ப்பாதியில் மாடுகள். குறுக்கே கல் பாவிய வடிகாலொன்று புல்லுக்கடியில் இன்னும் தெரிந்தது. மூலையில் படுத்திருந்த ஆடொன்று எழுந்து, எம்மைச் சற்று நோக்கி, எமக்கு வழிவிட்டு வெளியே போயிற்று.