பாட்டும் அரிசியும்

கட்டுரைப் பாடத்தில் ‘கொடை’ என்னும் தலைப்பை எடுத்துக்கொண்ட அன்று, ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பழைய பாடலின் ஒளிப்பதிவைக் காட்டினேன். மைக்கேல் ஜாக்சனும் லயனல் ரிச்சியும் எழுத, அமெரிக்கப் பாடகர் பலர் ஒன்றுகூடி 1985இல் பாடிய ‘வீ ஆர் தி வோர்ல்டு’ அது. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்டப் பாடப்பட்டது என்று விளக்கினேன். பாடல் முடிந்ததும் ஒரு மாணவி எழுந்தாள். “இத்தனை பேர் பாடிப் பணம் சேர்த்தும் அங்கே இன்னும் ஏன் வறுமை இருக்கிறது, ஐயா?”

“நல்ல கேள்வி, நாளை பேசுவோம்” என்று தப்பித்துக்கொண்டேன். இந்த உத்தி ஆசிரியர்கள் அறியாததன்று.

எத்தியோப்பியாவில் மழை பொய்த்தது உண்மை. ஆனால், மெங்கிஸ்டுவின் இராணுவ அரசு திக்ரே, எரித்திரியாப் பகுதிகளில் கிளர்ச்சியாளரோடு போரிட்டுக்கொண்டிருந்ததும் உண்மை. வடக்கே மக்கள் மடிந்துகொண்டிருந்த 1984 செப்டம்பரில், தலைநகரில் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழா பெருஞ்செலவில் நடந்தது. வடபகுதி மக்களை வலுக்கட்டாயமாகத் தெற்கே குடியேற்றியதைக் கண்டித்த பிரெஞ்சு ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு 1985 இறுதியில் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டது. பாடலில் இவையொன்றும் இல்லை. பசி என்பது வானத்திலிருந்து விழுந்த துன்பம் போலத்தான் அதில் ஒலிக்கிறது. பாடகர்களை நான் பழிக்கவில்லை. அந்தப் பணத்தால் பசித்தோர் பலர் உண்டனர்.

அதே பாடலை 2010 பிப்ரவரியில், ஹைத்தி நிலநடுக்கத்துக்காக, வேறு பாடகர்கள் மீண்டும் பாடினார்கள். ஹைத்தியின் கதைதான் என்னை உறங்கவிடவில்லை. 1980களின் நடுப்பகுதி வரை தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்த நாடு அது. ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்கு அதன் நெற்களஞ்சியம். பிறகு அமெரிக்காவும் பன்னாட்டு நிதி அமைப்புகளும் கொடுத்த நெருக்குதலால், 1995இல் அரிசி மீதான இறக்குமதி வரி 3 விழுக்காட்டுக்கு இறங்கியது. தம் அரசின் மானியம் பெற்ற அமெரிக்க உழவர்களின் மலிவு அரிசி வந்து குவிந்தது. உள்ளூர் உழவனால் அந்த விலைக்கு விற்க இயலவில்லை. பலர் நிலத்தை விட்டுவிட்டுத் தலைநகரின் நெரிசலான குடியிருப்புகளுக்குச் சென்றனர். நிலம் அதிர்ந்தபோது இடிந்து விழுந்தது அந்தத் தலைநகர்தான்.

2010 மார்ச்சில் முன்னாள் அதிபர் பில் கிளிண்டன், அமெரிக்க மேலவைக் குழுவின் முன் இதை ஒப்புக்கொண்டார். அந்தக் கொள்கை தம் மாநிலமான ஆர்கன்சாவின் உழவர் சிலருக்கு நன்மை செய்திருக்கலாம்; ஆயினும் அது தவறு என்றார். ஒரு கையால் உழவனின் பிழைப்பைப் பறித்து, மறு கையால் அவனுக்கு உணவுப் பொட்டலம் நீட்டுவதை எந்தக் கணக்கில் எழுதுவது?

சாம்பியாவில் பிறந்த பொருளியல் அறிஞர் டம்பிசா மோயோ, அரசுகளுக்குத் தொடர்ந்து வழங்கப்படும் உதவிதான் ஆப்பிரிக்காவை வறுமையில் வைத்திருக்கிறது என்று 2009இல் ஒரு நூலே எழுதினார். அவ்வளவு தூரம் செல்ல எனக்கு மனமில்லை. 2003இல் அமெரிக்கா தொடங்கிய எய்ட்ஸ் ஒழிப்புத் திட்டம் 25 மில்லியன் உயிர்களைக் காத்ததாக அந்நாட்டு அரசே கணக்கிட்டுள்ளது. அத்தகைய உதவிகளுக்காக அரசியல்வாதிகளின் கதவுகளை விடாமல் தட்டியவர்களுள் பாடகர் போனோவும் ஒருவர். மருந்தும் தடுப்பூசியும் போய்ச் சேர்ந்த இடத்தில் உதவி வென்றிருக்கிறது. ஆனால், உயிர் பிழைத்தவனுக்கு வேலையும் விளைச்சலுக்கு விலையும் கிடைப்பது வேறு கதை. சீனாவில் கோடிக்கணக்கானோர் வறுமையிலிருந்து மீண்டது பெரும்பாலும் அந்நாட்டின் வேளாண்மை, தொழில் மாற்றங்களால்; எவரும் பாடியதால் அன்று.

மறுநாள் ஹைத்தி அரிசியின் கதையை வகுப்பில் சொன்னேன். பின்வரிசை மாணவன் ஒருவன், “அப்படியென்றால், வெள்ள நிவாரணத்துக்குச் சிற்றுண்டிச்சாலையில் வைத்திருக்கும் மைலோ டின்னில் இனிக் காசு போட வேண்டாமா, ஐயா?” என்றான். நான் அஞ்சியது இதைத்தான். போடத்தான் வேண்டும், வீட்டில் தண்ணீர் புகுந்தவனுக்கு இன்றிரவு போர்வை தேவை என்றேன். அவன் முகம் முழுதாகத் தெளியவில்லை.

முதல் நாள் கேட்ட மாணவியோ விடுவதாக இல்லை. “அரிசி விற்க முடியாமல் போன உழவர்களுக்காக யாராவது பாடினார்களா, ஐயா?” என்றாள். அந்தக் கேள்வியையே இவ்வாரக் கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்திருக்கிறேன். ஏடுகள் வெள்ளிக்கிழமை வரும்.