வீதிக்கு அடியில் மின்சாரம்

ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரக் காருக்கு வீதியே மின்னூட்டம் அளிக்கும், இனி மின்னேற்று நிலையங்களில் காத்திருக்க வேண்டியதில்லை என்ற செய்தியை நீங்களும் வாசித்திருப்பீர்கள். வெளிநாட்டில் வாழும் உறவினர் ஒருவர் அதை எனக்கு அனுப்பி, "எங்கள் திருக்கோணமலைக்கு இது எப்போது வரும்?" என்று கேட்டிருந்தார். பத்திரிகைத் தொழிலில் பல்லாண்டு இருந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. அடிக்கல் நாட்டு விழாவுக்குப் போனால், எப்போது திறப்பீர்கள் என்பதற்கு முன், பழுதானால் யார் திருத்துவார்கள் என்று கேட்கத் தோன்றும்.

தொழில்நுட்பம் பொய்யன்று. மைக்கல் பரடே 1831 இல் கண்ட மின்தூண்டல்தான் அதன் அடிப்படை. நம் தெருமுனை மின்மாற்றியும் அதே விதியில்தான் இயங்குகிறது. தாருக்கடியில் ஒரு செப்புச் சுருள், காரின் அடிப்பாகத்தில் மற்றொரு சுருள். இடையில் கம்பியின்றி மின்சாரம் தாவுகிறது. தென் கொரியாவின் குமி நகரில் 2013 இல் பேருந்துகளுக்கு இதனை அமைத்தார்கள். சுவீடனின் கொட்லாந்து தீவில் ஏறத்தாழ 1.6 கிலோமீற்றர், அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரில் 2023 இல் சுமார் 400 மீற்றர் என்று வேறு பரிசோதனைகளும் நடந்தன.

நீளங்களைக் கவனியுங்கள். செய்தி பெரிது, வீதி சிறிது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். வீதியிலிருந்து காருக்கு 20 கிலோவாற் கிடைப்பதாகக் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் சேர்வது ஓர் அலகின் மூன்றிலொரு பங்கு. அதைக் கொண்டு கார் ஏறக்குறைய 2 கிலோமீற்றர் ஓடும். அதில் ஒன்று அந்த வீதியிலேயே செலவாகிவிடும். திருக்கோணமலையிலிருந்து கொழும்புவரை ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தூரம். அதில் பாதிக்காவது சுருள் புதைக்க வேண்டும். ஆனால் இன்று விற்பனையாகும் கார்களுள் பல, ஒருமுறை மின்னேற்றினால் 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகின்றன. பின் எதற்கு இந்தப் புதையல்?

வசதி படைத்த சுவீடனே தயங்கியது. அங்கு ஈ20 நெடுஞ்சாலையில் 21 கிலோமீற்றருக்கு நிரந்தர மின்வீதி அமைக்கத் திட்டமிட்டவர்கள், வந்த விலைகள் மிக அதிகம் என்று 2023 இல் கேள்விப்பத்திர நடவடிக்கையை ரத்துச் செய்தார்கள்.

இனி எங்கள் மண்ணுக்கு வருவோம். திருக்கோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ15 வீதியை அறிந்தவர்களுக்கு, கிழக்கில் 'பாதை' என்ற சொல்லுக்கு வாகனங்களை ஏற்றிச் செல்லும் மிதவை என்ற பொருளும் உண்டு என்பது தெரியும். கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று பாதைக்காகக் காத்துக் கிடந்தே அவ்வழியில் பயணம் செய்தோம். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009 ஒக்டோபரில்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மூதூர்ப் பிரதேசம் வெள்ளத்தில் மூழ்கியது. அத்தகைய நிலத்தில் தாரைத் திரும்பப் போடுவதே பெரும்பாடு. தாருக்கடியில் சுருளும், வீதியோரத்தில் மின்னணுப் பெட்டிகளும் இருந்தால்? நான் குடியிருக்கும் தெருவில், புதிதாகத் தாரிட்டு ஒரு மாதம் கழியுமுன் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டினார்கள். அந்த மண்வெட்டிக்குச் செப்புச் சுருள் எது, கல் எது என்று தெரியுமா?

சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளையும் நினைத்துப் பார்க்கிறேன். பிரித்தானியக் கடற்படையின் தேவைக்காகக் கட்டப்பட்டவை. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானியத் தாக்குதலைக் கண்டவை. இன்று 99 எஞ்சியுள்ளன. கட்டியவர்களின் தேவை தீர்ந்தபின் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் காட்டுக்குள் சும்மா நின்றன. ஆயினும் அவை நிலத்துக்கு மேலே நின்ற இரும்பு. ஆகவேதான் அவற்றைத் திருத்திப் பயன்படுத்த 2022 ஜனவரியில் இந்தியாவுடன் உடன்படிக்கை செய்ய முடிந்தது. ஒரு நிறுவனத்தின் ஏற்பிக்கு மட்டும் பொருந்தும் சுருளைத் தாருக்குள் புதைத்து, அந்நிறுவனம் கடையை மூடினால், அதை எவர் மீட்பார்?

எங்கள் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9 அன்று நாடே இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதே காரணம் என்றார் அமைச்சர். அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின்சாரம் தேவைக்கு மேல் இருக்கிறது, கூரைச் சூரியப் படலங்களைப் பகல் 3 மணிவரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்திட்டத்துக்கும் அதே ஏப்ரலில்தான் தொடக்க விழா நடந்தது. பகல் மின்சாரம் மேலும் பெருகும். அதை வாங்கிச் சேமிக்க இடம் வேண்டும்.

வாகனம் என்பது நாளின் பெரும்பகுதி நின்றுகொண்டிருக்கும் பொருள். கச்சேரி வளவில், மருத்துவமனை வாசலில், மூதூர் இறங்குதுறையில், முச்சக்கரவண்டித் தரிப்பிடத்தில் அது நிற்கும் வேளையும் சூரியன் காயும் வேளையும் ஒன்றே. அங்கே ஒரு கூரை, அதன்மேல் சூரியப் படலம், கீழே ஒரு மின்செருகி போதும். பழுதானால் உள்ளூர் மின்வினைஞர் ஏணி வைத்து ஏறித் திருத்துவார். வரிசெலுத்துவோரில் பெரும்பாலோர் பேருந்திலும் முச்சக்கரவண்டியிலும் செல்பவர்கள். அவர்கள் பணத்தில் சிலரது கார்களுக்காக வீதியைத் தோண்டுவது அறமாகாது.

உறவினருக்கு நான் எழுதிய பதில் சுருக்கமானது: குறித்த தடத்தில் ஓடும் பேருந்துக்குத் தரிப்பிடத்தில் சுருள் வைப்பதாயின் யோசிக்கலாம், வீதி முழுவதும் வேண்டாம். முதலில் இரவெல்லாம் அணையாத விளக்கும், மழைக்குக் கரையாத தாரும் வரட்டும்.