கார் ஷெட்டில் அம்மாவுக்கு ஒரு அறை

அம்மாவுக்கு 88 வயது. இனி மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கீழ் வீட்டில் பல வருஷமாகக் குடியிருப்பவர்களைக் காலி செய்யச் சொல்ல மனமில்லை. மிச்சம் இருந்தது கார் ஷெட். பத்துக்குப் பதினெட்டு அடி. அதை அறையாக்கியதைப் பற்றிச் சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

தலைக்கு மேல் மாடி இருப்பதால் கூரைச் சூடு பிரச்சினை இல்லை. ஷட்டர் இருந்த வாசலை ஏஏசி பிளாக் வைத்து அடைத்து, நடுவில் ஜன்னல் விட்டோம். சிக்கல் மேற்குச் சுவர்தான். வெறும் நாலரை அங்குலச் செங்கல். போடியில் மேற்கே மலை மறைத்துவிடுமே, வெயில் சீக்கிரம் போய்விடுமே என்பார்கள். மலை மறைக்கும் வரை சுவர் வாங்கிய சூடு போகாதே! பெரியவர்கள் படுக்கப் போகும் நேரத்தில்தான் அது உள்ளே இறங்கும்.

மலையில் ஏலக்காய் ஸ்டோர் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பச்சைக் காயை 45 முதல் 55 டிகிரி வரை சூட்டில் ஏறக்குறைய ஒரு நாள் உலர்த்த வேண்டும். சுவர் சூட்டை வெளியே விட்டால் விறகுதான் தீரும். அங்கே சூடு உள்ளேயே நிற்க வேண்டும், நமக்கு வெளியேயே நிற்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆசாரி சில்வர் ஓக் சட்டம் அடிக்கலாம் என்றார். தோட்டங்களில் இருந்து மலிவாக வருகிறது, உண்மைதான். ஆனால் எங்கள் தெருவில் கரையான் புகாத வீடு இல்லை. அதனால் ஜி.ஐ. சேனல். நாலடி ஜிப்சம் போர்டின் இரு ஓரமும் நடுவும் இரும்பில் உட்கார வேண்டும் என்பதால் இரண்டடிக்கு ஒன்று. இரும்பு சுவரைத் தொட்டால் சூட்டை அதுவே கடத்திவிடும். அரை அங்குலம் தள்ளியே நிறுத்தச் சொன்னேன். இடையில் இரண்டு அங்குலக் கிளாஸ் வூல். அதில் ஒரு அங்குலம் தடுக்கிற சூட்டைத் தடுக்கச் செங்கல் ஏறக்குறைய 20 அங்குலம் வேண்டும். நறுக்கும்போது தூள் பறக்கும், முகத்தில் துணி கட்டாமல் யாரையும் தொட விடாதீர்கள். தரை கழுவுகிற வீடு என்பதால் போர்டைத் தரைக்கு அரை அங்குலம் மேலே நிறுத்தி, அடியில் டைல்ஸ் பட்டை ஒட்டினோம்.

மாலை ஆறு மணிக்கு வெளியே செங்கலைத் தொட்டால் சுடுகிறது. உள்ளே போர்டு சுடுவதில்லை. மின்விசிறி வேண்டாம் என்று அர்த்தமில்லை. சூட்டைத் தடுப்பது வேறு, குளிரவைப்பது வேறு.

போடிமெட்டு, சாந்தன்பாறைப் பக்கம் இருக்கிற நண்பர்கள் இதை அப்படியே செய்ய வேண்டாம். அங்கே எதிரி ஈரம். சாரல் மாதங்களில் சுவர் ஊறி, பஞ்சும் நனைந்தால் சூடு தடுக்கும் குணமே போய்விடும், பூஞ்சை வேறு. முதலில் வெளிச்சுவரில் தண்ணீர் இறங்காமல் பூசுங்கள், பிறகுதான் சட்டம்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. வயதானவர்கள் சுவரைப் பிடித்துத்தான் நடப்பார்கள். ஜிப்சம் போர்டில் திருகிய கைப்பிடி ஒரு ஆளின் பாரத்தைத் தாங்காது, பிய்த்துக்கொண்டு வந்துவிடும். போர்டு மூடுவதற்கு முன்பே கட்டிலில் இருந்து கழிப்பறை வரை, கைப்பிடி வருகிற உயரத்தில் முக்கால் அங்குலப் பிளைவுட் பட்டையைச் சேனலில் முடுக்கச் சொன்னேன். வேலைக்கு வந்த தம்பி, "எந்த உயரம் டீச்சர்?" என்றான். அம்மாவைக் கூட்டி வந்து செருப்போடு நிற்க வைத்து, மணிக்கட்டு நிற்கிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டோம்.